தனித்தெடுத்த குரல்: இரு திரைப்படங்களை முன்வைத்து ஒரு நோக்கு

திரைப்படம் பற்றித் தமிழில் எழுந்த விமர்சனங்கள் பெரும்பாலும் கதையையும் நடிப்பையும் கமராவின் நோக்கையுமே பொருளாகக் கொண்டுள்ளன. ஒலி பற்றிய பேச்சு பாடலோடும் பின்னணி இசையோடும் நின்றுவிடுவதே வழக்கம். பாத்திரங்கள் பேசும் பேச்சு எவ்வாறு பதிவாயிற்று, எவற்றினின்றும் அது பிரித்தெடுக்கப்பட்டது, பிரித்தவர் யாது கருதிப் பிரித்தார் என்னும் வினாக்கள் தொழில்வல்லுநர்க்கு உரியவை என ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆனால், காட்சியைத் தெரிவுசெய்பவனைப் போலவே குரலைத் தெரிவுசெய்பவனும் பொருளைப் படைக்கின்றான். பல ஒலிகள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கும் ஓரிடத்தில் ஒன்றனை மாத்திரம் நிறுத்தி ஏனையவற்றை அடக்குதல் கேட்போனுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. இதுவே கேட்கத்தக்கது, ஏனையவை இரைச்சல் என்று வழங்கும் தீர்ப்புமாகும்.

இத்தீர்ப்பின் இயல்பை ஆராய்வதற்கு இரு திரைப்படங்கள் பெரிதும் பொருத்தமானவை. ஒன்று, பிரான்சிஸ் போர்ட் கொப்பொலா எழுதி இயக்கி 1974ஆம் ஆண்டில் வெளியான 'த கொன்வசேஷன்' என்னும் கதைப்படம். 'உரையாடல்' என்பது இத்தலைப்பின் பொருள். மற்றது, பீற்றர் ஜாக்சன் இயக்கி 2021ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று பகுதிகளாக வெளியான 'த பீற்றில்ஸ்: கெற் பாக்' என்னும் விவரணப்படம். முன்னது கற்பனை, பின்னது நடந்தவற்றின் பதிவு. எனினும் இரண்டிலும் மறைத்துவைத்த ஒலிவாங்கி உண்டு. தம் பேச்சு பிறர் செவிக்கு எட்டாது என நம்பிப் பேசும் இருவர் உளர். அப்பேச்சை மூடிநிற்கும் இரைச்சல் உண்டு. இரைச்சலை விலக்கும் கருவியும் உண்டு. கொப்பொலாவின் படம் ஐயத்தோடு நோக்கிய செயலை 47 ஆண்டுகளின் பின் ஜாக்சனின் படம் பெரும் வெற்றியாக முன்வைக்கின்றது. இவ்விரு மனநிலைகளுக்கும் இடையிலான தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தடமும் கலவையும்

முதற்கண் செயலின் தன்மையைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நேர்காணலொன்றைப் படம்பிடிப்போர், பேசுபவரின் சட்டையிற் பொருத்திய சிறு ஒலிவாங்கியை முதலாம் தடத்திலும் கமராவின் மேலுள்ள ஒலிவாங்கியை இரண்டாம் தடத்திலும் பதிவுசெய்வதுண்டு. 'சனல்' எனத் தொழில்செய்வோர் வழங்குவது இத்தடத்தையே. படத்தொகுப்பு மென்பொருளில் இப்பதிவைத் திறந்ததும் முதலாம் தடம் இடச் செவியிலும் இரண்டாம் தடம் வலச் செவியிலும் ஒலிக்கும். ஒரு செவியிலே தெளிந்த குரலும் மறுசெவியிலே அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலுமாக அது கேட்கும். தொகுப்பாளர் இரண்டாம் தடத்தை அடக்கி, முதலாம் தடத்தை இரு செவிகளுக்கும் பகிர்ந்துவிடுவார். அவ்வாறு செய்யாது இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால், ஒரே குரல் இரு ஒலிவாங்கிகளையும் வெவ்வேறு கணங்களில் அடைந்தமையால் அலைகளிற் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல மெலியும். எனவே இங்கே தனித்தெடுத்தல் நேர்மையான செயல். செக்கனுக்கு 48,000 எண்கள் கொண்ட இரு நிரல்களில் ஒன்றை விடுத்து மற்றதை எடுப்பதைத் தவிர இதில் வேறொன்றும் நிகழ்வதில்லை. விடுத்ததும் அழிந்துவிடுவதில்லை, வேண்டும்போது மீண்டும் ஒலிக்கவைக்கலாம்.

பீற்றில்ஸ் குழுவினரின் தொடக்ககாலப் பதிவுகளே இதற்கு நல்ல சான்று. 1963ஆம் ஆண்டில் அவர்கள் பாடிய பாடல்களிற் பெரும்பாலானவை இரு தட நாடாவிற் பதிவாகின. வாத்தியங்கள் ஒரு தடத்திலும் குரல்கள் மற்றத் தடத்திலும் நின்றன. பின்னர் ஒற்றைத் தடமாகக் கலக்கும்பொழுது அவற்றின் அளவைச் சமப்படுத்துவதற்கு வசதியாகவே இவ்வாறு செய்யப்பட்டது. அப்பதிவுகள் ஸ்ரீரியோ இசைத்தட்டுகளாக வந்தபோது குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமுமாகப் பிரிந்து ஒலித்தன. ஒரு பக்கத்தை அடக்கினால் மறுபக்கம் பெரிதும் தனித்து நிற்கும்.

பல ஒலிகள் ஒரே தடத்திற் கலந்து பதிவானபின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே விடுப்பதற்கு இன்னொரு நிரல் இல்லை. இரு தடங்களிலும் ஒரே அளவாக நிற்கும் குரலை, ஒரு தடத்திலிருந்து மற்றதைக் கழிப்பதன் மூலம் மறையச் செய்யலாம். ஆனால் ஒற்றைத் தடத்தில் இந்த உபாயமும் பயன்படாது. அண்மைக்கால மென்பொருள்கள் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. மனிதக் குரல்களும் வாத்தியங்களும் எவ்வாறு ஒலிக்கும் என்பது எண்ணற்ற மாதிரிகள் வாயிலாகக் கணினிக்குப் பயிற்றப்படுகின்றது. அப்பயிற்சியின் துணைகொண்டு, கலவையின் எப்பகுதி குரலாக இருத்தல் கூடும், எப்பகுதி கிற்றாராக இருத்தல் கூடும் எனக் கணினி மதிப்பிட்டு வகுக்கின்றது. முன்னைய முறை தெரிவு. பின்னைய முறை ஊகம். ஊகம் எவ்வளவு திறமையானதாயினும் ஊகமே. இரண்டையும் 'தனித்தெடுத்தல்' என்ற ஒரே சொல்லாற் குறிப்பதனால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

2. ஹரி கோலின் மூன்று நாடாக்கள்

'த கொன்வசேஷன்' படத்தின் நாயகன் ஹரி கோல் பணத்துக்காகப் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்பவன். ஜீன் ஹக்மன் இப்பாத்திரத்தை ஏற்று நடித்துள்ளார். சன்பிரான்சிஸ்கோ நகரின் யூனியன் சதுக்கத்தில் மதிய வேளையிற் கூட்டத்தினிடையே சுற்றிச்சுற்றி நடக்கும் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதைப் பதிவதே அவன் ஏற்ற வேலை. அவ்விருவரும் கூட்டத்தைத் தெரிவுசெய்தமை தற்செயலன்று. சனநெருக்கமும் தெருவிசைக்காரரின் ஒலியும் தமக்குத் திரையாக அமையும் என நம்பியே அவ்விடத்துக்கு வந்துள்ளனர். ஹரியின் ஆட்கள் உயரமான கட்டடங்களிலிருந்து நீண்ட குழல்வடிவ ஒலிவாங்கிகளை அவர்கள்பாற் குறிவைக்கின்றனர்; பையொன்றிற் கருவியை மறைத்தபடி ஒருவன் பின்தொடர்கின்றான். இவ்வாறு ஓர் உரையாடல் மூன்று நாடாக்களிற் பதிவாகின்றது. எந்த நாடாவும் முழுமையானதன்று. ஒன்றிற் சொல் தேயும் இடத்தில் மற்றொன்று அதைத் தெளிவாகக் கொண்டிருக்கும்.

படத்தின் சிறந்த பகுதி, ஹரி தன் பட்டறையில் இம்மூன்று நாடாக்களையும் ஒருங்கே ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித்தாவி உரையாடலைக் கட்டியெழுப்பும் பகுதியாகும். ஒரு வாக்கியம் மாத்திரம் மேளவொலியினால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. தானே அமைத்த கருவியொன்றின் துணைகொண்டு அவன் அவ்வொலியைப் படிப்படியாக விலக்கும்போது, வாய்ப்புக் கிடைப்பின் அவன் தங்களைக் கொன்றுவிடுவான் என்னும் பொருள்பட அவ்வாடவன் கூறுவது வெளிப்படுகின்றது. தொழில்வல்லுநனாக ஹரி அடைந்த பெருவெற்றி இது. மனிதனாக அவன் வீழ்வதும் இங்கிருந்தே தொடங்குகின்றது.

தாம் பேசுவது எதுவாயினும் அதுபற்றித் தனக்கு அக்கறையில்லை, நல்ல பதிவு கிடைத்தாற் போதும் என்பதே ஹரியின் தொழிற்கொள்கை. முன்னொருகால் நியூயோர்க்கில் அவன் செய்த பதிவொன்றின் விளைவாக மூவர் கொலையுண்டனர். அதற்குத் தான் பொறுப்பல்லன் எனத் தன் மனத்துக்கே திரும்பத்திரும்பச் சொல்லிக்கொள்பவன் அவன். எனினும் கத்தோலிக்கனாதலாற் பாவசங்கீர்த்தனத் தொட்டியிற் சென்று முழந்தாளிடுகின்றான். ஆகவே இம்முறை தான் கேட்ட வாக்கியத்தைச் சும்மா விட்டுவிட அவனால் இயலவில்லை. அவ்விருவரும் கொலையுண்ணப் போகின்றனர் என முடிவுசெய்கின்றான். அம்முடிவுக்கு அவனை இட்டுச்செல்லும் பிறிதொரு சிறு செய்தியும் நாடாவில் உண்டு. வாங்கொன்றிற் சுருண்டு கிடக்கும் வறியவன் ஒருவனைக் கண்டு, அவனும் ஒரு காலத்தில் ஒரு தாயின் குழந்தையாக இருந்தவன்தானே என்னும் கருத்தில் அப்பெண் இரங்குகின்றாள். அந்த இரக்கத்தைக் கேட்டவன் அவளைப் பலியாகவன்றி வேறு எவ்விதமாகவும் கற்பனைசெய்ய முடியாதவனாகின்றான். இரங்கும் குரலுக்குரியவள் கொலைக்கு உடன்படமாட்டாள் என்பது நாடாவில் இல்லாத செய்தி. அதனை ஹரியே சேர்க்கின்றான்.

நடந்தது மறுதலை. அஞ்சப்பட்ட மனிதனே, அதாவது ஹரிக்கு அவ்வேலையைக் கொடுத்த நிறுவனத் தலைவனே, இறந்துபடுகின்றான். அவ்விணையர் உயிரோடு நிற்பதைக் காணும் கணத்தில் அதே வாக்கியம் மீண்டும் ஒலிக்கின்றது. இம்முறை அழுத்தம் 'கொல்லுதல்' என்னும் சொல்லை விட்டுத் 'தங்களை' என்னும் சொல்லின்மேல் விழுகின்றது. அவன் தங்களைக் கொல்லக்கூடியவன், ஆகவே தாங்கள் முந்திக்கொள்வதிற் பிழையில்லை என்ற நியாயம் அதற்குள் ஒளிந்திருந்தமை அப்பொழுதுதான் புலனாகின்றது.

3. அழுத்தமும் பொருளும்

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இந்நுட்பம் அந்நியமானதன்று. எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசை வேறுபாடுகளை நன்னூல் எழுத்தியல் குறிப்பிடுகின்றது. வினைமுற்றாக நிற்கும் ஒரு சொல்லையே ஓசையைப் படுத்துக் கூறும்போது அது பெயராகவும் நிற்றல் கூடும் என உரையாசிரியர்கள் காட்டுவர். ஏட்டில் இரண்டும் ஒரே எழுத்துகளே. வேறுபாடு ஓசையில் மாத்திரமே உண்டு. அன்றியும், ஆங்கிலம் அழுத்தத்தால் உணர்த்துவதைத் தமிழ் இடைச்சொல்லாலும் உணர்த்தவல்லது. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பியர் வேறுவேறாக எண்ணினார். மேற்கூறிய வாக்கியத்தை ஹரி முதலிற் கேட்டவாறு தமிழிற் பெயர்ப்பின் 'கொன்றேவிடுவான்' என ஏகாரம் வினையோடு சேர்ந்து தேற்றமாக நிற்கும். இறுதியில் அவன் கேட்டவாறு பெயர்ப்பின் 'நம்மையே கொல்லக்கூடியவன்' என அது பெயரோடு சேரும். ஏகாரம் இடம்மாறியதும் பலியானோர் கொலையாளர் ஆகின்றனர். இரைச்சலை முற்றாக விலக்கிய ஹரியின் கருவியால் இந்த ஓர் இடைச்சொல்லின் இடத்தைத் தீர்மானிக்க முடியவில்லை. சொற்களைத் தெளிவாக்குதல் வேறு, சொல்வோன் கருத்தைத் தெளிதல் வேறு என்பதைக் கொப்பொலாவின் படம் இவ்வாறு கட்டமைப்பாலேயே நிறுவுகின்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். முதலிலும் இறுதியிலும் ஒலிப்பது ஒரே பதிவன்று. படத்தின் ஒலியமைப்பையும், கொப்பொலா 'கோட்பாதர்' இரண்டாம் பாகத்தில் ஈடுபட்டிருந்த காலத்திற் படத்தொகுப்பின் பெரும்பொறுப்பையும் ஏற்றிருந்த வோல்ட்டர் மேர்ச் இதனை வெளிப்படையாகவே கூறியுள்ளார். அமைதியான ஓரிடத்தில் நடிகர்களைக் கொண்டு உரையாடலை மீண்டும் பதிவுசெய்தபோது, பிரெடெரிக் பொரெஸ்ற் ஒருமுறை அழுத்தத்தை மாற்றிப் பேசினார். பொருந்தாது என அப்போது மேர்ச் அதை ஒதுக்கிவைத்தார். நெடுநாட் கழித்து இறுதிக் கலவையின்போது அதனை எடுத்து முடிவிற் சேர்த்தார். அவ்வாறாயின், ஹரி பிழையாகக் கேட்டான் என்பதைக் காட்ட நாடாவையே மாற்றியமை பார்வையாளனை ஏமாற்றியதாகாதா? நாடா மாறியிருக்கும்போது செவியைக் குறைகூறுவது எங்ஙனம்?

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் படத்தின் போக்கை உற்றுநோக்கின் இதற்கு விடை உண்டு. இறுதியில் அவ்வாக்கியம் ஒலிக்கும் இடத்தில் எந்த ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. எந்த நாடாவும் சுழலவில்லை. ஹரி கூட்டத்தினிடையே நிற்கின்றான்; ஒலிப்பது அவன் நினைவு. அவ்வழியே பின்னோக்கின், பட்டறையில் முதலில் ஒலித்ததும் கலப்பற்ற நாடாவன்று, அவன் அச்சமும் குற்றவுணர்வும் கலந்த நாடாவே என்பது பெறப்படும். பார்வையாளனும் ஹரியின் செவியாலேயே கேட்டான். ஆகவே அவன் பிழையிற் பங்காளியானான். படம் இரண்டு சாட்சியங்களைத் தரவில்லை. ஒரு சாட்சியத்தின் இரண்டு உரைகளைத் தருகின்றது. எனினும், தன் கருத்தை நிறுவ வேறொரு பதிவு தேவைப்பட்டது என்னும் உண்மை, பதிவான ஒலிக்கும் ஓரெல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதாகவும் அமைகின்றது. எந்த அழுத்தத்தையும் ஏற்கக்கூடிய நடுநிலையான குரல் எவர் வாயிலும் பிறப்பதில்லை.

இப்படம் 1974 ஏப்ரலில் வெளியாயிற்று. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்றது. ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் பதவி துறந்தார். வெள்ளை மாளிகை ஒலிநாடாக்கள் சாட்சியங்களாக ஆராயப்பட்ட காலம் அது. நாடாவொன்றில் 18½ நிமிடங்கள் வெறுமையாகக் கிடந்தமை பெரும் சர்ச்சையாயிற்று. திரைக்கதை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கருக்கொண்டதாதலின் படத்தை அவ்வரசியலின் எதிரொலி என்பது பொருந்தாது. ஆயினும் பதிவான குரல் தானே உண்மையைச் சொல்லிவிடும் என்னும் நம்பிக்கை வலுத்திருந்த வேளையில், கேட்போனும் அவ்வுண்மையின் ஒரு பகுதியே என அது எச்சரித்தது.

4. பூச்சாடிக்குள் ஒலிவாங்கி

1969 ஜனவரியில் பீற்றில்ஸ் குழுவினர் புதிய பாடல்களை ஆக்கும் முயற்சியை மைக்கல் லின்ட்சே-ஹொக் படம்பிடித்தார். அவற்றிலிருந்து 1970இல் 'லெற் இற் பீ' என்னும் படம் வெளியாயிற்று. குழு பிரிந்த செய்தி பரவியிருந்த சூழலில் வந்தமையால் அது ஒரு பிரிவின் ஆவணமாகவே பார்க்கப்பட்டது. எஞ்சிக் கிடந்த ஏறத்தாழ 60 மணிநேரப் படச்சுருள்களையும் 150 மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களையும் கொண்டு ஜாக்சன் எட்டு மணிநேரம் அளவிலான 'கெற் பாக்' படத்தை ஆக்கினார்.

ஒலிநாடாக்கள் நாக்ரா கருவிகளில் ஒற்றைத் தடமாகப் பதிவானவை. கிற்றார், பறை, பேச்சு, சிரிப்பு யாவும் அதிற் கலந்து கிடந்தன. ஜாக்சனின் குழுவினர் இவற்றைப் பிரிப்பதற்கெனவே கணினிப் பயிற்சி முறையொன்றை உருவாக்கினர். அம்முறையின் சாதனை சாதாரணமானதன்று. 1966ஆம் ஆண்டின் 'றிவோல்வர்' இசைத்தட்டு 2022இல் மீண்டும் கலக்கப்பட்டபோதும், ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டிலிருந்து பியானோ வாசித்தபடி கசெற்றிற் பாடிவைத்த பாடலொன்று 2023 நவம்பரில் 'நௌ அன்ட் தென்' என வெளியானபோதும் இதுவே துணைநின்றது. லெனனின் குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க இயலாமை 1995இல் அப்பாடலைக் கைவிடவைத்த காரணங்களுள் ஒன்றாகும்.

இம்முறை கலைஞர்களின் பாடலுக்குப் பயன்பட்டவிடத்து எவரும் குறைகூறமாட்டார். பேச்சுக்குப் பயன்பட்டவிடத்தே வினா எழுகின்றது. கமராக்களும் ஒலிவாங்கிகளும் எப்போதும் தம்மைச் சூழ்ந்திருப்பதை அறிந்த அவ்விளைஞர்கள், அந்தரங்கமாகப் பேசவேண்டியபோது கிற்றாரை உரக்க மீட்டிக்கொண்டே பேசினர் என்றும், அம்மீட்டலை விலக்கி மறைந்திருந்த பேச்சைத் தம் மென்பொருள் வெளிக்கொணர்ந்தது என்றும் ஜாக்சன் நேர்காணல்களிற் கூறியுள்ளார். இதனைக் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். யூனியன் சதுக்கத்து இணையருக்குச் சனக்கூட்டம் எதுவோ, லெனனுக்கும் ஹரிசனுக்கும் கிற்றார் அதுவாக இருந்தது. அது இரைச்சலன்று, வேலி. தாம் கேட்கப்பட விரும்பவில்லை என்பதை அவர்கள் கிற்றாரின் மூலமே தெரிவித்தனர். அதனை 'இரைச்சல்' என வகுத்து விலக்கிய கணத்தில் அவர்கள் கூறிய ஒரு கூற்று அழிக்கப்பட்டுவிட்டது.

ஜோர்ஜ் ஹரிசன் ஜனவரி 10ஆம் திகதி குழுவை விட்டு வெளியேறினார். மூன்று நாட்களின் பின் லெனனும் போல் மக்கார்ட்னியும் ட்விக்கனம் கலையகத்தின் உணவுச்சாலையில் அதுபற்றிப் பேசினர். மேசைமீதிருந்த பூச்சாடியில் லின்ட்சே-ஹொக் ஒலிவாங்கியை ஒளித்துவைத்திருந்தார். உணவுத் தட்டுகளின் ஓசையோடு பதிவான அப்பேச்சு தெளிவாக்கப்பட்டு, சொற்கள் திரையிற் காட்டப்பட, 'கெற் பாக்' படத்தின் உச்சங்களுள் ஒன்றாக அமைகின்றது. ஹரிசனைத் தாம் நடத்திய விதம்பற்றி இருவரும் மனந்திறந்து பேசுவதிற் காணும் நேர்மை உள்ளத்தைத் தொடுவதே. ஆனால் இவ்விடத்திற் படம் தன் கருவியை ஒருகணமும் ஐயுறுவதில்லை. கமரா இல்லாத அறையிற் பிறந்த பேச்சாதலின் முகமும் கண்ணும் பார்வையாளனுக்குக் கிட்டா. முகபாவம் துணைசெய்யாத பேச்சில் அழுத்தம் ஒன்றே வழிகாட்டி. அவ்வழுத்தத்திலும் எவ்வளவு நாடாவினது, எவ்வளவு ஊகத்தினது என்பதைத் திரை சொல்வதில்லை. எழுத்தில் வந்த சொற்கள் செவியின் ஐயத்தை முந்திக்கொண்டு தீர்த்தும் விடுகின்றன.

இவ்விடத்தில் ஜாக்சனுக்கு உரிய நியாயத்தையும் கூறவேண்டும். தனித்தெடுத்த வாக்கியமொன்றை வைத்துத் தீர்ப்பளித்த ஹரியைப் போலன்றி, அவர் மணிக்கணக்கான தொடர்ச்சியைப் பார்வையாளனுக்குத் தந்தார். கோபமான ஒரு சொல்லின் முன்னும் பின்னும் நிகழ்ந்த நகைச்சுவையையும் சோம்பலையும் தேநீரையும் காட்டினார். வெறும் கிற்றார் மீட்டலிலிருந்து ஒரு பாடல் மெல்ல உருப்பெறுவதைக் காணும்போது, அம்மாதம் முழுவதும் பிணக்கே நிகழ்ந்தது என்னும் பழைய முடிவு தளர்கின்றது. குரல்களைப் பிரித்ததன் மூலமே அவர் சூழலை மீட்டார் எனலாம். மக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்ராரும் லெனன், ஹரிசன் ஆகியோரின் மனைவியரும் தயாரிப்பாளர்களாக இசைவு தந்துள்ளனர். எனினும் 1980இல் இறந்த லெனனும் 2001இல் இறந்த ஹரிசனும் இசைவு தரும் நிலையில் இருக்கவில்லை. கிற்றாரை உரக்க மீட்டியவர்கள் அவ்விருவரே என்பது மறக்கத்தக்கதன்று.

5. பாடபேதம் என்னும் முன்மாதிரி

இருவேறு ஒலிகளைப் பிரித்தறியும் இப்பிரச்சினையைத் தமிழுலகு வேறொரு துறையில் முன்னரே எதிர்கொண்டுள்ளது. ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியும் நிறுத்தக்குறியும் இல்லை. மூலமும் உரையும் மேற்கோளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். மூலக்குரல் எங்கே முடிகின்றது, உரைகாரரின் குரல் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பதிப்பாசிரியரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் ஆற்றிய பணியின் பெரும்பகுதி இத்தகைய தனித்தெடுத்தலே. சாமிநாதையரின் பதிப்புகளிற் போற்றத்தக்க பண்பு, தாம் கொண்ட பாடத்தோடு அமையாமல் ஏனைய ஏடுகளிற் கண்ட பாடபேதங்களையும் அடிக்குறிப்பிற் காட்டியமையாகும். கொள்ளப்படாத பாடம் அழிக்கப்படவில்லை. பதிப்பாசிரியரின் தீர்ப்பை மறுப்பதற்கு வேண்டிய சான்றையும் அவரே வாசகன் கையிற் கொடுத்தார்.

இப்பண்பை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் இரு படங்களின் தாரதம்மியம் தெளிவாகும். 'த கொன்வசேஷன்' இரு பாடங்களையும் தன்னுள்ளே வைத்திருக்கின்றது. முதற்பாடத்தை நம்பவைத்து, பின்னர் இரண்டாவதைக் காட்டி, நம்பியவனை நாணவைக்கின்றது. கருவியின் வெற்றியைத் தோல்வியாக மாற்றும் இத்துணிவே அதனை உயர்ந்த கலைப்படைப்பு ஆக்குகின்றது. 'கெற் பாக்' தொடக்க அறிவிப்பில், ஆக்கத்தின்போது பல தெரிவுகளைச் செய்ய நேர்ந்தது எனக் கூறுகின்றது. ஆனால் எவ்விடத்திற் கிற்றார் விலக்கப்பட்டது, விலக்காதபோது அது எவ்வாறு ஒலித்தது என்பதை ஓரிடத்திலேனும் கேட்கவைத்திருப்பின் அதன் நேர்மை இன்னும் உறுதிப்பட்டிருக்கும். 'லெற் இற் பீ' 2024 மே மாதம் மீண்டும் வெளியிடப்பட்டமையால், அதே ஜனவரி மாதத்தை இருவர் எவ்வாறு தெரிந்தெடுத்தனர் என ஒப்பிடும் வாய்ப்பாவது கிட்டியுள்ளது. ஆனால் விலக்கப்பட்ட மீட்டல் அதிலும் இல்லை. பூச்சாடியின் பாடபேதம் இன்னும் பார்வையாளனை எட்டவில்லை.

இவ்வினா திரைப்படக் கலையோடு அமைவதன்று. ஒரு காலத்தில் ஹரி கோல் போன்ற வல்லுநர்க்கு மட்டுமே கைவந்த ஆற்றல் இன்று சாதாரணக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் கிட்டுகின்றது. கூட்டத்தில் ஒருவர் பேசியதிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிரித்து, சூழ்ந்திருந்த ஆரவாரத்தையும் சிரிப்பையும் இடைமறித்த வினாவையும் விலக்கி, அதனை அவருடைய முழுக் கருத்தாகப் பரப்புவது எவர்க்கும் எளிது. சிரிப்பு நீங்கியதும் நகையாடல் மிரட்டலாகின்றது. வினா நீங்கியதும் விடை பிரகடனமாகின்றது. தூய்மையாக ஒலிப்பதனாலேயே அது உண்மையென நம்பப்படுகின்றது. ஹரி வீழ்ந்த பள்ளமும் அதுவே. யாரோ தன் பேச்சைக் கேட்கின்றனர் என்றறிந்த அவன், மாதாவின் சுருவத்தையும் உடைத்து, சுவரையும் தளத்தையும் பெயர்த்துத் தேடியும் ஒலிவாங்கியைக் காணாது, சிதைந்த அறையில் அமர்ந்து சக்சபோன் வாசிப்பதோடு கொப்பொலாவின் படம் முடிகின்றது. பிறரின் வேலியை விலக்கியவனுக்குத் தன்னைச் சுற்றி ஒரு வேலியும் எஞ்சவில்லை.

ஆகவே ஒலியைத் தனித்தெடுப்போரிடமும், அதனைக் கேட்டுத் தீர்ப்பளிப்போரிடமும் விமர்சகன் வேண்டத்தக்கவை மூன்று. எடுக்கப்பட்டது தனித்தடமா, கலவையிலிருந்து ஊகித்ததா என்பது சொல்லப்படல் வேண்டும். விலக்கப்பட்டது அழியாது பேணப்பட்டு, வேண்டுவோர் கேட்கக் கிட்டுதல் வேண்டும். விலக்கப்பட்டது தற்செயலான இரைச்சலா, பேசியோர் தாமே இட்ட திரையா என்பது விலக்குவதற்கு முன்னரே ஆராயப்படல் வேண்டும். முதலிரண்டும் தொழினுட்பத்தால் இயலக்கூடியவை. மூன்றாவதை எந்த மென்பொருளும் செய்துதராது. அது கேட்போனின் மனச்சான்றுக்கு உரியது.